சதிப் பழியும் மலையகக் கவிதையும்

சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, சக்தி அ. பால ஐயா தமிழாக்கிய 'தேயிலைத் தோட்டத்திலே'யைச் சோகப் பாட்டாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஓர் அரசியற் பழிக்கான மறுப்பாகவும் அதனை நாம் நோக்குதல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் இந்தியாவின் கையாட்கள் என்பதே அப்பழி.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் சி. வி. தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கும் துணைபுரிந்தன. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஆளும் வர்க்கத்தின் அச்சம் தேசப் பாதுகாப்பு என வேடம் பூண்டது.

இதனினும் வருந்தத்தக்கது, அப்பழி மார்க்சியச் சொற்களிலும் ஒலித்தமையாகும். 1971 கிளர்ச்சிக்கு முன் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று, லயத்து மக்களை 'இந்திய விஸ்தரிப்புவாத'த்தின் கருவியாகக் காட்டிற்று. சதிக் கற்பனை சான்று கோருவதில்லை. பெயரும் மொழியும் அதற்குப் போதும். 1977, 1981, 1983 வன்செயல்களுக்கு உடனடிக் காரணங்கள் வேறு. 1983 ஜூலையில் நுவரெலியா நகரும் எரிந்தது. வடக்கின் போராட்டத்திற்கு வெளியே கொழுந்து பறித்து வாழ்ந்தோர் எதிரிகளாகத் தென்பட்டமைக்கு இப்பழியும் தளமிட்டிருந்தது.

கவிதை முன்வைக்கும் சான்றுகளோ உழைப்பும் இம்மண்ணிற் புதைந்த உடல்களுமாம். அவற்றை உரிமைச் சான்றாக வாசித்து, தன் சொற்களிலேயே புகுந்த பொய்யை மறுப்பது முற்போக்கு விமர்சனத்தின் கடமையாகும்.