குப்பைக்கூடைக்குத் தப்பிய காகிதங்கள்

நாடக நோட்டீஸ், சோப்பு உறை, ரயில் டிக்கெட், கடைக்காரர் அச்சிட்ட விலைப்பட்டியல் ஆகியவற்றை யாரும் நூல் என்று சொல்வதில்லை. வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறோம். ஆனால் நூறாண்டுக்கு முன் மக்கள் எதை என்ன விலைக்கு வாங்கினர், எந்த நோய்க்கு எந்த மருந்தை நம்பினர் என்று ஆராய்பவருக்குப் பல வேளைகளில் நூல்களைவிட இவையே நேரான சான்று. நூலாசிரியர் வருங்காலத்தையும் எண்ணி எழுதுகிறார். நோட்டீஸ் அடிப்பவருக்கோ வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டம் வந்தால் போதும்.

இதை நன்கு உணர்ந்தவர் இங்கிலாந்தின் ஜான் ஜான்சன் (1882–1956). இளமையில் அவர் பாப்பிரஸ் ஏடுகளை ஆராய்ந்தார். 1913–14இல் எகிப்தில் பழைய அந்தினோப்பொலிஸ் நகரின் குப்பைமேடுகளைத் தோண்டினார். பண்டைக் காலத்தார் எறிந்த சீட்டுகளை இவ்வளவு பாடுபட்டுத் தேடும் நாம், நம் காலத்துத் தாள்களை ஏன் அழியவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் அச்சாளராக இருந்தபோது (1925–46) இத்தகைய தாள்களை மலைபோல் குவித்தார். பாட்லியன் நூலகம் வேண்டாமென்று கழித்தவையும் அவரிடம் வந்தன. 1968இல் தொகுப்பு முழுவதும் அதே பாட்லியனுக்குப் போய்ச் சேர்ந்தது வேடிக்கைதான்! இன்று அதில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் உள்ளன.

அவற்றுள் ஏறத்தாழ 65,000 தாள்களைப் பாட்லியனும் புரோக்வெஸ்ட் நிறுவனமும் சேர்ந்து 2000களின் இறுதியில் இணையத்தில் ஏற்றின. இந்தப் பணி எப்படி அமைந்துள்ளது?

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே பட்டியல் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இது சிறிய செயலன்று. நாடகச் சுவரொட்டியில் பத்து வகை எழுத்துகள் கலந்திருக்கும். சில வளைந்திருக்கும், சில பூவேலைக்குள் மறைந்திருக்கும். எழுத்தைத் தானே படிக்கும் கணிப்பொறி இங்கே எளிதில் தடுமாறிவிடும். படித்தறிந்த ஒருவர் குறிப்பு எழுதாவிட்டால், படம் இணையத்தில் இருந்தும் தேடுவோருக்கு அகப்படாது.

குறைகளும் உண்டு. திரையில் சிறு லேபிளும் ஆள் உயரச் சுவரொட்டியும் ஒரே அளவில் தெரிகின்றன. தாளின் கனத்தையும் விரலால் உணர முடியாது. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொழுதுபோக்கு, குற்றமும் தூக்குத்தண்டனையும், விளம்பரம், புத்தக வணிகம், மக்களிடை வழங்கிய படங்கள் என்ற ஐந்து பிரிவுகளை மட்டும் தேர்ந்ததுதான் சற்று உறுத்துகிறது. கண்ணைக் கவர்பவை முன்வரிசைக்கு வந்துவிட்டன. பலகோடி மக்கள் கைப்பட்ட சாதாரணத் தாள்களில் பெரும்பகுதி பெட்டிகளிலேயே கிடக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை வாசலில் இருக்கிறது. பொது நிதி உதவியால் உருவானது என்பதால் பிரிட்டனின் பள்ளிகள், கல்லூரிகள், பொது நூலகங்கள் வழியாக இதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். மற்ற நாட்டாரோ சந்தா செலுத்திய நிறுவனத்தின் வழியாகத்தான் நுழைய வேண்டும். தாள்களில் மிகப் பல 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அச்சானவை. அவற்றின் பதிப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. படமெடுக்கவும் பட்டியலிடவும் பணம் வேண்டும் என்பது உண்மையே. அந்தச் செலவை ஈடுகட்ட ஒரு தனியார் நிறுவனத்தைச் சில ஆண்டுகள் விற்கவிடுவதிலும் தவறில்லை. ஆனால் செலவு ஈடான பிறகும் பூட்டு ஏன் தொங்க வேண்டும்? பாட்லியன் தன் சொந்தத் தளத்தில் இத்தொகுப்பின் சில படங்களை எல்லாருக்கும் திறந்தே வைத்துள்ளது. அதே வழியில் மற்றவற்றையும் திறக்கலாம். ஆக்ஸ்போர்டுக்குக் கப்பலேற வசதியில்லாத மாணவருக்குத்தான் இணையம் மிகவும் தேவை; சந்தா கட்டாத கல்லூரியில் படிக்கும் அவருக்கு இன்று கிடைப்பது உள்நுழையச் சொல்லும் பக்கம் மட்டுமே.