தூங்க வைப்பது உப்பா, வெந்நீரா?

அருப்புக்கோட்டை உரக்கடைகளில் மக்னீசியம் சல்பேட் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பருத்தி இலை சிவந்துபோனால் அதைக் கரைத்துத் தெளிப்பது கரிசல் சம்சாரிகளுக்குத் தெரிந்த வைத்தியம். அதே பொருள் மெடிக்கலில் 'எப்சம் சால்ட்' என்று சின்ன டப்பாவில் இருக்கும். பழைய ஆட்கள் பேதி உப்பு என்பார்கள். குடித்தால் வயிறு போகும். அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் அது உயிர்காக்கும் ஊசி. ரத்தக் கொதிப்பு ஏறிய கர்ப்பிணிக்கு வலிப்பு வரும் ஆபத்தை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 2002-ல் வெளியான மேக்பை ஆய்வு உறுதிசெய்தது. இத்தனை வேலை பார்க்கும் உப்புக்கு இப்போது இன்னொரு வேலையையும் சேர்த்திருக்கிறார்கள்: தூங்க வைப்பது. வெந்நீரில் கரைத்து உடம்பையோ காலையோ ஊறவைத்தால் மக்னீசியம் தோல் வழியாக உள்ளே இறங்கும், நரம்பு தளரும், கண்ணை அசத்தும் என்பது பேச்சு.

விருதுநகர்–அருப்புக்கோட்டைச் சாலையில் இருக்கும் பாலவனத்தம் மாதிரியான ஊருக்கு இந்தப் பேச்சு ஏன் பிடிக்கிறது என்பதில் புதிர் எதுவும் இல்லை. நூற்பாலையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, தறியில் கால் கடுக்க வேலை, காட்டில் குனிந்த முதுகு நிமிராமல் களையெடுப்பு என்று இருக்கிற பூமி இது. ராத்திரி கால் குடைச்சலில் புரண்டு படுப்பவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். கல்லுப்பு போட்ட வெந்நீரில் காலை வைப்பதும், நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஊற்றிக்கொள்வதும் பாட்டி காலத்து வழக்கம். அந்தக் கல்லுப்பின் இடத்தில்தான் எப்சம் உப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, இதை மூடப் பழக்கம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பழக்கத்தில் உண்மை இருக்கிறது. அது உப்பில் இல்லை, வெந்நீரில் இருக்கிறது.

முதலில் உப்பைப் பார்ப்போம். எப்சம் உப்பின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மக்னீசியம். கால் ஊறவைக்கும் பேசினில் 10 லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் உப்பைப் போட்டால் லிட்டருக்கு 0.4 கிராம் மக்னீசியம் சேரும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் இருக்கிறது. நம் பேசினில் கரைத்ததைப் போல மூன்று மடங்கு! ராமநாதபுரம் கரையோரம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் அந்தத் தண்ணீரில்தான் மணிக்கணக்கில் மூழ்கி மூழ்கி எழுகிறார்கள். மக்னீசியம் குறைந்தவரைக் கடலில் போய் நில் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுப்பதில்லை. தோலின் வேலையே வெளியில் இருப்பதை வெளியிலேயே நிறுத்துவதுதான். அதன் மேலடுக்கு இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த சுவர். தண்ணீரில் கரைந்த மக்னீசியமோ தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு மிதக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டுவது அதற்கு எளிதல்ல.

உப்புக்கு ஆதரவாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரோஸ்மேரி வாரிங் செய்த சோதனை. பத்தொன்பது பேரை ஏழு நாள் எப்சம் உப்புத் தண்ணீரில் குளிக்க வைத்துப் பார்த்ததில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் மக்னீசியம் கொஞ்சம் கூடியது என்கிறது அந்த அறிக்கை. ஆனால் அது மற்ற அறிஞர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழில் வந்த கட்டுரை அல்ல. வெறும் வெந்நீரில் குளித்த இன்னொரு குழுவை வைத்து ஒப்பிட்டதும் இல்லை. 2017-ல் 'நியூட்ரியன்ட்ஸ்' இதழில் இந்த விஷயத்தை அலசிய மதிப்பாய்வு, தோல்வழி மக்னீசியத்தைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. பத்தொன்பது பேரை வைத்துச் செய்த, ஆய்விதழில் வெளிவராத அறிக்கையை நம்பி உலகம் முழுக்க டப்பா டப்பாவாக விற்பது எனக்கு ஒப்பவில்லை.

மக்னீசியத்துக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்லையா? கொஞ்சம் இருக்கலாம். ஈரானில் 46 முதியவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் தினம் 500 மில்லிகிராம் மக்னீசியம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களின் தூக்கம் ஓரளவு தேறியது. ஆனால் அது வாய்வழி போனது. அதையும் சேர்த்து எடைபோட்ட 2021-ஆம் ஆண்டு மதிப்பாய்வு சான்றின் தரம் குறைவு என்றது. வாய்வழிதான் வேண்டுமென்றால் இந்தக் கரிசல் மண்ணே கொடுக்கும். 100 கிராம் கம்பில் சுமார் 120 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது. நிலக்கடலையிலும் எள்ளிலும் அதைவிடக் கூடுதல். 

இனி வெந்நீர். இதற்குச் சான்று நிற்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்தெடுத்து 2019-ல் ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், 40 முதல் 42.5 டிகிரி சூட்டில், பத்து நிமிடம் குளித்தாலே தூக்கம் பிடிக்கும் நேரம் குறைகிறது, தூக்கத்தின் தரமும் கூடுகிறது என்பது அதன் முடிவு. உடம்பின் உள்சூடு இறங்கத் தொடங்கும்போதுதான் மூளை தூக்கத்துக்குத் தயாராகிறது. வெந்நீர் பட்டதும் கை கால்களில் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூட்டை வெளியே விடுகின்றன. கால் வெதுவெதுப்பாக இருப்பவருக்குச் சீக்கிரம் தூக்கம் பிடிக்கிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இதில் எங்கும் உப்புக்கு வேலையில்லை. காந்தி பின்பற்றிய ஜெர்மானியர் லூயி கூனேயின் தொட்டிக் குளியலிலும் தண்ணீர் மட்டும்தான். ரமண மகரிஷியின் அடியவரான லட்சுமண சர்மா புதுக்கோட்டையில் இருந்துகொண்டு பரப்பிய இயற்கை வைத்தியமும் மருந்துச் சரக்கை நம்பியதல்ல.

ஆனால் டெக்சாஸ் ஆய்வின் முடிவை அப்படியே பாலவனத்தத்துக்குத் தூக்கிவர முடியாது. குளியல் தொட்டியை நிரப்ப 150 லிட்டராவது வேண்டும். ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கென்று வைத்திருக்கும் அளவே 55 லிட்டர்தான். ஒருவர் ஊறுவதற்கு மூன்று பேர் தண்ணீர் என்பது குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற ஊரில் நியாயமே இல்லாத பேச்சு. பத்து லிட்டர் கால் ஊறல்தான் இங்கே ஆகிற காரியம். கால் குளியல் பற்றிய ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் செலவில்லாதது, செய்து பார்க்கலாம். அடுத்தது வெயில். சித்திரை வைகாசியில் மாடி சின்டெக்ஸ் தொட்டியில் கிடக்கும் தண்ணீர் பொழுது சாய்ந்த பிறகும் குழாயைத் திறந்தால் சுடுகிறது. முதல் ஒரு வாளியைப் பிடித்து ஆறவைத்துத்தான் பிள்ளைகளுக்கு ஊற்றுகிறார்கள். அந்த மாதங்களில் சுவரே அனலைக் கக்கும்போது உடம்புச் சூடு எங்கே போய் இறங்கும்? வெந்நீர் யோசனை மார்கழி, தைக்குப் பொருந்தும். கோடையில் தண்ணீரை ஆறவிட்டுக் குளிப்பதும், காற்றோட்டமான இடத்தில் படுப்பதும்தான் வழி.

எனக்குப் பெரிய கவலை வேறு. சீமைக்கருவேல் விறகில் அண்டா கொதிக்கும்போது 42 டிகிரி என்று யார் அளந்து பார்க்கிறார்கள்? கையை விட்டுப் பார்த்துக் காலை வைக்கிறோம். சர்க்கரை நோய் முற்றியவருக்குப் பாதம் மதமதவென்று மரத்துப்போயிருக்கும். காலிலேயே சூடு பார்த்தால் வெந்துபோவதே தெரியாது; காலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி விரலை எடுக்கும் வரை போவதுண்டு. கொடுமை என்னவென்றால், ராத்திரி கால் எரிச்சலில் தூக்கம் போய் இந்த உப்பைத் தேடி வருபவர்களில் சர்க்கரை நோயாளிகள் பலர். நோய் கொடுத்த எரிச்சலுக்கு அந்த நோயாளிக்கே ஆகாத வைத்தியத்தைச் சொல்கிறது இந்தப் பழக்கம். வெடிப்புள்ள பாதம் நெடுநேரம் ஊறினால் தோல் இளகி இன்னும் கெடும். சிறுநீரகம் பழுதானவர் இந்த உப்பைக் குடித்தாலோ மக்னீசியம் ரத்தத்தில் தேங்கி மூச்சையும் இதயத்தையும் அடக்கிவிடலாம். உரக்கடை மூட்டையில் இருப்பது பயிருக்கானது. மலிவாக இருக்கிறதே என்று வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

இந்தப் பழக்கத்தில் இன்னொரு குறையும் உண்டு. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுகிறவருக்குத் தூக்கம் கெடுவது அவர் உடம்பில் மக்னீசியம் குறைந்ததாலா? ஷிப்டாலும் கடன் கவலையாலும் போன தூக்கத்தை ஒரு பாக்கெட் உப்பால் மீட்கலாம் என்றால், கெடுத்த காரணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை என்றாகிவிடும். எனக்கு இதில் கோபமே வருகிறது.

உப்புக்காகக் காசு செலவழிக்க வேண்டாம். கால் உணர்ச்சி சரியாக உள்ளவர் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வையுங்கள், துடைத்துவிட்டுக் கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். வீட்டில் பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளி இருந்தால், அவருக்குக் கால் ஊறல் வேண்டாம்; அவர் குளிக்கும் வெந்நீரையும் மரத்துப்போகாத ஒருவர் முழங்கையால் சூடு பார்க்கட்டும். கால் எரிகிறது, மதமதக்கிறது என்று அம்மாவோ அப்பாவோ சொன்னால் வெந்நீர் போடுவதற்கு முன்னால் சர்க்கரை பார்த்துவிடுங்கள். வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் வராமல் மூன்று மாதம் ஆகியிருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ போங்கள்.