பழைய அச்சு விளம்பரங்களும் மொழிச் சான்றும்: சேகரிப்பு முறை பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

பழைய இதழ்களிலும் நாளேடுகளிலும் வெளிவந்த விளம்பரங்களைத் தேடிச் சேர்ப்போர் இன்று பலர் உளர். அவர்தம் ஆர்வம் பெரும்பாலும் ஓவியத்தையும் எழுத்தமைப்பையும் பழமைச் சுவையையும் சார்ந்தது. எனவே விளம்பரம் பக்கத்திலிருந்து கத்தரிக்கப்பட்டுத் தனிப்படமாகக் கைமாறுகிறது. இவ்வாறு பிரிக்கப்பட்ட விளம்பரம் படமாக எஞ்சினும், மொழிச் சான்று என்ற நிலையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. விளம்பரமும் இதழும்

விளம்பரத்தை இதழின் ஒட்டுப்பகுதியாகக் கருதுவது பொருந்தாது. இக்கட்டுரை எழுதப்படும் புணே ஔந்த் வேறு. அதே பெயர் கொண்ட, சாத்தாராப் பகுதியைச் சார்ந்த ஔந்த் சமஸ்தானம் வேறு. அச்சமஸ்தான மன்னரின் ஆதரவுடன் 1910-இல் இலட்சுமண்ராவ் கிர்லோஸ்கர் கிர்லோஸ்கர்வாடியில் தம் தொழிற்சாலையை அமைத்தார். அந்நிறுவனத்தின் செய்தி ஏடாக 1920-இல் தோன்றிய 'கிர்லோஸ்கர் கபர்' பின்னர் 'கிர்லோஸ்கர்' என்னும் பெயரில் மராட்டியின் புகழ்பெற்ற பொது இதழாக வளர்ந்தது. தமிழிலும் 1928-இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கிய எஸ். எஸ். வாசன், விளம்பரத் தொழிலில் முன்னரே பயின்றவர். வணிக உரையும் வாசிப்பு உரையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தமையை இவை காட்டும். கதையின் உரைநடையும் அதன் எதிர்ப்பக்க விளம்பரத்தின் உரைநடையும் ஒருசேர நோக்கத்தக்கன.

3. மொழிபெயர்ப்பு நோக்கு

ஒரே பொருளுக்கான விளம்பரம் பல இந்திய மொழிகளில் வெளிவருங்கால், ஆங்கில மூலத்தினின்று பெயர்க்கப்படுவது பெருவழக்கு. சோப்பு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழகம் 'சோப்பு' என்கிறது. இலங்கைத் தமிழ் 'சவர்க்காரம்' என்கிறது. மராட்டி 'சாபண்' என்கிறது. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழிலோ 'உபயோகி', 'உபயோகியுங்கள்', 'உபயோகிப்பீர்' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வாங்குவோரை எத்தகு மதிப்புடன் விளிப்பது என்ற முடிவு இத்தேர்வில் அடங்கியுள்ளது.

லக்ஸ் விளம்பரத்தில் தோன்றிய முதல் இந்தியத் திரைநடிகையாக லீலா சிட்னிஸ் (1941) குறிக்கப்படுகிறார். இத்தகைய சான்றுரைகளில் தன்மை ஒருமையில் பேசுபவர் நடிகை; தமிழ்த் தொடரை ஆக்கியவரோ பெயர் பதியப்படாத மொழிபெயர்ப்பாளர். அவருடைய உழைப்பை அறிய வேறு வழியில்லை. ஒரே விளம்பரத்தின் பன்மொழி வடிவங்களை அருகருகே வைத்தே அதனை மீட்க இயலும். தமிழ் வடிவம் ஒருவரிடமும் மராட்டி வடிவம் வேறொருவரிடமும் நாளின்றிக் கிடப்பின், அவ்வொப்பீடு நிகழ வாய்ப்பில்லை.

4. காலக் கணிப்பின் இடர்

அமிர்தாஞ்சனம் 1893-இல் பம்பாயில் காசிநாதுனி நாகேசுவரராவ் தொடங்கிய மருந்து வணிகம். அதன் பெயர் தமிழில் ஈற்று 'அம்' பெற்றும் பெறாமலும் வழங்குகிறது. எவ்வடிவம் முந்தியது, எக்காலத்தில் எது மேலோங்கியது என்பன மொழியியலார்க்குப் பயனுள்ள வினாக்கள். நிறுவனத்தின் தலைமையிடம் 1914-இல் சென்னைக்கு மாறியதால், விளம்பரத்தின் அடியிலுள்ள முகவரி ஓரளவு துணைசெய்யும். ஆயினும் கிளை முகவரிகளும் இடம்பெறக்கூடும் ஆதலின் அது முடிந்த சான்றாகாது. இதழின் நாளும் பக்க எண்ணுமே உறுதி தருவன. கத்தரிக்கோல் முதலில் நீக்குவதும் அவற்றையே.

இக்குறை தனியாருக்கு மட்டும் உரியதன்று. இதழ்த் தொகுதிகளைக் கட்டடம் செய்யும்போது மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் அகற்றும் பழக்கம் நூலகங்களிலும் இருந்துள்ளது. அகராதித் தொகுப்பாளரும் இலக்கியத்தையே பெரிதும் நாடியமையால், வணிக வழக்குகளின் முதலாட்சி பதியப்படாமலே போயிற்று.

5. முடிவுரை

சேகரிப்போரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் அவர் பேணினார். 1992-இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. கல்வித்துறை புறக்கணித்தவற்றைத் தனியார்வமே காத்தது. அவ்வார்வத்திற்கு முறைமை சேர்ப்பது நம் கடமை. முழுப்பக்கமாகப் படியெடுத்தல், இதழின் பெயர், நாள், பக்க எண், பதிப்பூர் ஆகியவற்றைக் குறித்தல், பிறமொழி இணை வடிவங்களைச் சுட்டுதல் ஆகிய மூன்றும் பின்பற்றப்படின், விளம்பரத் தொகுப்பு இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடைக்கும் மொழிபெயர்ப்பு வரலாற்றுக்கும் நம்பத்தக்க மூலமாக அமையும்.