வினைவயிற் பிரிவு: ஓர் அகப்பொருட் கலைச்சொல்லும் அதன் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

தொழிலின் பொருட்டு அடிக்கடி வீட்டை விட்டு நீங்குவோரின் இல்வாழ்க்கை, தொழிற்புரட்சிக்குப் பின் தோன்றிய சிக்கலாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. கப்பற் பணியாளர், தொலைவழிச் சரக்குந்து ஓட்டுநர், ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி ஆகியோர் இதற்குச் சான்றுகளாகக் காட்டப்படுவர். ஆயின் இச்சிக்கலைப் பாகுபடுத்தி, பெயரிட்டு, கால எல்லையும் வகுத்த இலக்கண மரபு தமிழில் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் பிரிவுக் கோட்பாடே அது. இக்கோட்பாட்டின் மையத்தில் நிற்பது 'வினை' என்னும் சொல்.

சங்க அகப்பாடல்களைப் பெயர்ப்போர் இச்சொல்லுக்கு இடத்திற்கேற்பப் போர், பணி, பொருளீட்டல் எனப் பொருள் கொள்வது இயல்பு. தனிப்பாடல் நிலையில் இது தவறன்று. ஆயினும் பாடல்தோறும் சொல் மாறுகையில், மீண்டும் மீண்டும் நிகழும் தொழிற்பிரிவு என்னும் பொதுப்பொருள் மறைந்து, ஒவ்வொரு பிரிவும் தனித்தனி வீரச்செயலாகவோ தனித்தனித் துயரமாகவோ தோற்றமளிக்கிறது. இம்மறைவால் நேரும் இழப்பை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரு இலக்கண மரபுகள்

வடமொழிக் கவிதையியலிலும் தொழிற்பிரிவு இடம் பெற்றுள்ளது. கி.பி. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தனஞ்சயனின் தசரூபகம், காதலர் வெவ்வேறு இடங்களில் இருத்தலைப் 'பிரவாசம்' என்கிறது. காரியம், கலக்கம், சாபம் ஆகிய மூன்றும் அதன் காரணங்கள். இவற்றுள் காரியத்தால் நேரும் பிரிவு, இனி நிகழவிருப்பது, நிகழ்ந்துகொண்டிருப்பது, நிகழ்ந்து முடிந்தது எனக் காலத்தால் மூவகைப்படும். கணவன் காரியத்தின் பொருட்டு அயல்நாட்டிலிருக்கத் தனித்திருப்பவள் எண்வகை நாயகியருள் ஒருத்தி. இவ்வகைப்பாடு பரதரின் நாட்டிய சாத்திரத்திலேயே காணப்படுகிறது.

காளிதாசரின் மேகதூதம் இவ்வகைப்பாட்டின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. யக்கன் தன் பணியில் தவறியதால் தலைவனின் சாபத்திற்கு ஆளாகி ஓராண்டு மனைவியைப் பிரிந்து வாழ்கிறான். இலக்கணப்படி இது சாபப் பிரிவு. ஆயினும் அதன் வேர் பணியில் உள்ளது. அதன் கால அளவை விதிப்பவனும் பணி கொள்வோனே.

தொல்காப்பியம் ஓதல், பகை, தூது என்பவற்றைப் பிரிவின் காரணங்களாகக் கூறி, காவல், பொருள் முதலியவற்றையும் உடன் வைக்கிறது. காரணத்தால் வகுப்பது இரு மரபிற்கும் பொது. தமிழ் மரபு இதனினும் ஒருபடி மேற்சென்று, பிரிவின் கால எல்லையையும் பிரிந்தோன் ஒழுக வேண்டிய முறையையும் உரைக்கிறது. கற்பியலின்படி கல்வியின் பொருட்டுப் பிரியும் காலம் மூன்றாண்டைக் கடத்தலாகாது. வேந்தனுக்குரிய தொழிலின் பொருட்டுப் பிரிவது ஓராண்டிற்கு உட்பட்டது. ஏனைப் பிரிவுகளுக்கும் அவ்வாறே எல்லை உண்டு. பிரிவை அழகியற் பொருளாக மட்டுமன்றி, இல்லறத்தின்மேல் தொழில் கொள்ளும் உரிமையாகவும் இலக்கணம் கருதியது என்பதற்கு இக்கால வரையறையே சான்றாகும்.

3. மீண்டும் நிகழும் பிரிவு

அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்பட எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணைக்கு உரியவை. இவற்றுள் உடன்போக்குப் பாடல்களும் உள. அனைத்தும் தொழிற்பிரிவைப் பற்றியன அல்ல. எனினும் நூலின் சரிபாதியைப் பாலை பெற்றிருத்தல் கருதத்தக்கது. ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியின் முதற் பத்துகளின் பெயர்கள் செலவழுங்குவித்த பத்து, செலவுப் பத்து, இடைச்சுரப் பத்து, தலைவி இரங்கு பத்து, இளவேனிற் பத்து, வரவுரைத்த பத்து என அமைகின்றன. புறப்படத் தயங்குதல், புறப்படுதல், வழியிடை இருத்தல், வீட்டிலிருப்போர் வருந்துதல், குறித்த பருவம் வருதல், மீளுதல் எனப் பயணத்தின் முழுச் சுற்றையும் இவ்வைப்புமுறை காட்டுகிறது.

இச்சுற்று ஒருமுறையோடு முடிவதன்று என்பதற்குக் கூற்று விளக்கங்கள் சான்றாகும். முன்பு ஒருகால் பொருளுக்காகப் பிரிந்து மீண்ட தலைவன், மறுமுறையும் போகத் தூண்டும் தன் நெஞ்சுக்குச் சொல்லியது என்னும் துறை பல பாடல்களில் வருகிறது. நற்றிணை 3ஆம் பாடலின் துறையும் இதுவே. சென்ற பயணத்தின்போது, சுரத்திடையே மாலை வந்த வேளையில், வீட்டில் விளக்கேற்றித் தன்னை நினைந்திருப்பவளைத் தான் எண்ணியதைத் தலைவன் நெஞ்சுக்கு நினைவூட்டுகிறான். அவளது இனிமைக்கு அவன் கூறும் உவமை, எடுத்த வினையை முடித்தலால் உண்டாகும் இனிமை. தொழிலும் மனையும் எதிரெதிராக நிறுத்தப்படவில்லை. மனைவியின் இனிமையை அளக்கவும் தொழிலின் நிறைவே அவனுக்கு அளவுகோலாகிறது. வினை அவன் உள்ளத்தில் எத்துணை ஆழமாகப் பதிந்துள்ளது என்பதை இவ்வுவமை பழிப்பின்றி, புகழ்ச்சியுமின்றிக் காட்டிவிடுகிறது. இவ்விடத்து வினையைப் 'போர்' என்று பெயர்த்தால் உவமை சிதையும். 'பொருள்' என்று பெயர்த்தால் காதலுக்கு விலை கூறியதாகும்.

செலவழுங்குதல் பற்றிய விதியும் இங்கு நோக்கத்தக்கது. புறப்படும் தலைவன் இடையில் தயங்கி நிற்பது போகாமல் விடுவதன்று. தலைவியைத் தேற்றும் பொருட்டுச் சற்றே தவிர்தல் மட்டுமே என்று கற்பியல் தெளிவுபடுத்துகிறது. தயக்கத்தையும் பயணத்தின் ஓர் உறுப்பாகவே இலக்கணம் கண்டது.

4. பணியிடத்து மௌனம்

கற்பியல் கூறும் மற்றொரு விதி, வினை நிகழும் இடத்தில் தலைவியின் நிலையைப் பேசலாகாது என்பது. வெற்றி கிட்டிய காலத்தில் அவள் நினைவு விளங்கித் தோன்றும். ஆயின் அகத்திணையியல் தலைவன் கூற்றுக்குரிய இடங்களுள் பாசறைப் புலம்பலையும் சேர்க்கிறது. ஐங்குறுநூற்றில் பாசறைப் பத்து என ஒரு பகுதியே உள்ளது. இவ்விரண்டும் முரண்போல் தோன்றினும், முன்னது வினை நடக்கும்போது ஒழுகும் ஒழுக்கம், பின்னது வினை நீட்டிக்கும்போது அவ்வொழுக்கம் தளரும் இடம் எனக் கொள்வது பொருந்தும். விதி இருத்தலாலேயே புலம்பல் பொருளுடையதாகிறது.

103 அடிகளைக் கொண்ட முல்லைப்பாட்டு இம்மௌனத்தை முழுமையாகக் காக்கிறது. வீட்டில் தலைவி துயருறுகிறாள். முதுபெண்டிர் நற்சொல் கேட்டு வந்து அவளைத் தேற்றுகின்றனர். பாசறையில் அரசன் உறக்கமின்றி இருக்கிறான். அங்கு அவன் எண்ணுவது புண்பட்ட யானைகளையும், பட்ட வீரரையும், அம்பு தைத்ததால் புல்லுண்ணாத குதிரைகளையுமே. மனைவி அவன் எண்ணத்தில் வரவில்லை. இருவரும் உறங்கவில்லை; ஆனால் ஒரே காரணத்தால் உறங்காதிருக்கவில்லை. பணியிற் சென்றவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் இடையே உண்டாகும் இடைவெளி வழித்தொலைவு மட்டுமன்று, கவலைகள் வேறாதலும் ஆகும் என்பதைப் புலவர் நப்பூதனார் விளக்கவுரையின்றி உணர்த்துகிறார்.

அப்பாசறையில் மொழியியலார் கருதத்தக்க ஒரு காட்சியும் உண்டு. அரசனின் உறக்கறையைக் காப்போர் மிலேச்சர். வாயாற் பேசாது உடற்குறிப்பால் உணர்த்துவோர். அவர்களும் தொழிலின் பொருட்டுத் தம் ஊரை நீங்கி வந்தவரே. அவர்களுக்காகக் காத்திருப்போரைப் பாடல் பேசவில்லை. அரசனின் மௌனம் விதியால் விளைந்தது. காவலரின் மௌனத்தைப் பேச அங்கு மொழியே இல்லை.

5. வினைவலரும் அகமும்

இம்மௌனம் தற்செயலானதன்று. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பான கைக்கிளை, பெருந்திணைகளுக்கு உரியர் என்பது அகத்திணையியல் நூற்பாவின் கருத்து. அதனையடுத்து வரும் ஏவல் மரபினோர் யாவர் என்பது உரையாசிரியர்களின் விளக்கத்திற்கு இடமானது. எவ்வாறாயினும், வினையின் பொருட்டுப் பிரிவோன் அகத்தலைவனாக, பிறர் ஏவிய வினையையே வாழ்க்கையாகக் கொண்டவன் அகத்திற்கு வெளியே நிறுத்தப்படுகிறான். 'வினை' என்னும் ஒரே சொல் ஒருவனுக்குத் தகுதியாகவும் மற்றொருவனுக்குத் தடையாகவும் அமைவது இக்கோட்பாட்டின் குறையாகும்.

இந்திய மொழிகளில் இவ்வெற்றிடத்தை நிரப்பிய படைப்புகளுள் போச்புரி நாடகமான பிதேசியா குறிப்பிடத்தக்கது. இதனை இயற்றிய பிகாரி டாகூர் (1887–1971) பீகாரின் சாரண் பகுதியைச் சேர்ந்தவர். நாவிதர் குடியிற் பிறந்தவர். பிழைப்புக்காகக் கரக்பூர் சென்று மீண்டவர். நாடகத்தின் கணவன் கிழக்கே கல்கத்தாவுக்குப் போகிறான். ஊரில் தனித்திருக்கும் மனைவியின் துயரை 'படோகி', அதாவது வழிப்போக்கன், அவனிடம் கொண்டு சேர்க்கிறான். நகரில் அவனுக்கு வேறொரு பெண்ணோடு வாழ்க்கை அமைந்துவிட்டது. தூது, பருவம், காத்திருத்தல், பரத்தைமை என அகமரபில் பழகிய கூறுகள் யாவும் இங்கும் உள. ஆயின் தலைவன் வேந்தனல்லன், வினைவலன். அவன் பிரிவுக்கு ஓராண்டு எல்லை விதிக்கும் இலக்கணமும் இல்லை. எல்லையற்ற பிரிவு இல்லறத்தை எவ்வாறு சிதைக்கிறது என்பதே நாடகத்தின் பொருளாதலால், கால வரையறையின் தேவையை இது எதிர்மறையாக மெய்ப்பிக்கிறது எனலாம்.

6. சொற்களின் போக்கு

பிரவாசம் என்னும் சொல் இந்திய மொழிகளில் பலவாறு திரிந்துள்ளது. மராத்தியில் 'பிரவாஸ்' வெறும் பயணம். 'பிரவாசி' பேருந்திலோ இரயிலிலோ செல்லும் பயணி. மலையாளத்தில் 'பிரவாசி' என்றால் வளைகுடா முதலிய அயல்நாடுகளில் உழைப்பவர்; வீட்டில் காத்திருப்போரின் சாயல் அச்சொல்லில் இன்னும் ஒட்டியுள்ளது. ஆகவே அகப்பாடலை மராத்தியில் பெயர்ப்பவர் இச்சொல்லைக் கையாண்டால் பிரிவு சுருங்கிப் பயணமாகும். மலையாளத்தில் கையாண்டால் பிரிவோடு கடல்கடந்த கூலிவாழ்வும் சேர்ந்து வரும்.

இந்தியில் 'காம்' என்னும் சொல் பழகியது; எளியது. ஆனால் கர்மம் என்பதன் வழிவந்த இச்சொல்லும், ஆசையைக் குறிக்கும் வடசொல்லும் எழுத்தில் ஒரே வடிவின. காதற்பாடலில் இம்மயக்கம் இடர் தரும். 'காரியம்' என்பதன் இந்தி வடிவமே பொருந்துவது. தசரூபகத்தின் வகைப்பாட்டையும் அது நினைவூட்டும்.

தமிழின் நிலையும் எளிதன்று. இன்றைய வழக்கில் 'வினை' பெரிதும் ஊழையும் தீங்கையும் குறிக்கிறது. இலக்கண வகுப்பில் மட்டும் செயலைக் குறிக்கிறது. செல் என்னும் அடியிற் பிறந்த 'செலவு', போதல் என்னும் பொருளை இழந்து பணம் கழிதலைக் குறிக்கிறது, 'வரவு' வருவாயாயிற்று. செலவழுங்குதல் என்பதை இன்றைய மாணவர் சிக்கனம் என்று கொள்ளவும் கூடும். தெலுங்கிலோ 'செலவு' விடைபெறுதலையும் விடுமுறையையும் குறிக்கிறது. வீட்டை நீங்குவதற்கும், வீடு திரும்பக் கிடைக்கும் ஓய்வுக்கும், அதற்கு நேரும் பணக்கழிவுக்கும் அண்டை மொழிகள் ஒத்த வடிவினவான சொற்களைப் பகிர்ந்துகொண்டிருப்பது பொருள் மாற்ற ஆய்வுக்கு ஏற்ற களமாகும்.

இந்நிலையில் மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது, 'வினை'க்குப் பெயர்ப்பு மொழியில் ஒரு பொதுச்சொல்லைத் தேர்ந்து, போர் என்றும் தூது என்றும் பாடல் வெளிப்படையாகச் சுட்டும் இடங்களில் மட்டும் சிறப்புச்சொல்லை ஆளுதல். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருதல் சலிப்புத் தருமே என்பது மெய். அச்சலிப்பு பாடற்பொருளுக்கு அயலானதன்று. மீண்டும் மீண்டும் அதே காரணத்தைக் கேட்டு விடைகொடுப்பவளின் அனுபவம் அதுவே.

7. முடிவுரை

பிரிவின் கால எல்லை பழைய நூலோரின் கற்பனை என்று தள்ளத்தக்கதன்று. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதனை உறுதிசெய்தது. கப்பலில் தொடர்ந்து பணியாற்றியபின் ஊர் திரும்பும் உரிமை பெறுவதற்கான காலம் 12 மாதத்திற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என அது விதிக்கிறது. வேந்துறு தொழிலுக்குத் தொல்காப்பியம் வகுத்த எல்லையும் ஓராண்டின் உட்பட்டதே. இரண்டிற்கும் தொடர்பு இல்லை. மனைவாழ்க்கை தாங்கக்கூடிய பிரிவின் அளவைத் தனித்தனியே ஆராய்ந்தோர் ஒத்த முடிவுக்கு வந்தனர் என்பதே இதன் சிறப்பு. 2020இல் பெருந்தொற்றின்போது அவ்வெல்லை மீறப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ 4,00,000 கப்பற் பணியாளர், பணிக்காலம் முடிந்தும் ஊர் திரும்ப இயலாது கப்பல்களிலேயே இருந்தனர் என்பது அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் மதிப்பீடு.

அகப்பாடல்களில் பெரிதும் பேசுவோர் தலைவியும் தோழியும் செவிலியுமாகிய வீட்டிலிருப்போர். பணியிற் சென்றோனின் சொல் வழியிடையிலும் மீட்சியிலுமே மிகுதியாகக் கேட்கிறது. தொழிற்பயணத்தின் முழு விலையையும் அறிய இரு தரப்பின் கூற்றும் வேண்டும் என்பதை உணர்ந்து, ஒவ்வொருவருக்கும் பேசுமிடத்தை வரையறுத்தது தமிழ் அகமரபு. வினைவலருக்கு அவ்விடத்தை அது தரவில்லை. அவர்தம் கூற்றைப் பிற்கால இலக்கியங்களிலிருந்து தொகுத்து, இக்கோட்பாட்டோடு ஒப்புநோக்கி, ஒரே கலைச்சொல் மரபில் பெயர்த்தளிப்பது இந்திய மொழிகளின் ஆய்வாளர்முன் எஞ்சி நிற்கும் பணியாகும்.