தகடு தேய்ந்த பெட்டி

ஆர்மோனியத்தின் முகப்பில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு அடித்திருப்பார்கள். கல்கத்தா என்றோ டெல்லி என்றோ ஊர் பேரும் ஒரு கம்பெனிப் பேரும் அதில் இருக்கும். ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், வாணியம்பாடி வட்டாரத்தில் கூத்து ஜமாக்களிடமிருந்து கைமாறி வரும் பெட்டிகளில் அந்தத் தகடு தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். தேயாமல் இருந்தால் யாரும் கேள்விப்படாத பேராக இருக்கும். பழைய பெட்டி தேடி வருகிறவர் அங்கேயே தயங்கிப்போகிறார்.

என்னைக் கேட்டால் தயங்க வேண்டியதில்லை. தகட்டில் பேர் போட்டவர் அந்தப் பெட்டியில் செய்த வேலை கொஞ்சம்தான். ரீடு அவர் அடித்ததாக இருக்காது. குஜராத்தின் பாலிதானாவில் அடித்த பித்தளை ரீடுகள் நாடு முழுக்கப் பல பேரில் வந்த பெட்டிகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அதைவிடப் பழைய பெட்டியென்றால் ஜெர்மனியிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்த ரீடு கிடைக்கலாம். மரவேலை ஒரு தச்சருடையது, தோல் ஒட்டியது வேறொரு கை, கடைசியில் சுருதி சேர்த்தவர் இன்னொருவர். பெட்டி நன்றாக இருக்கிறதா என்பது இந்தக் கைகளைப் பொறுத்தது. பெரிய பேர் போட்ட பெட்டியிலும் இவர்களில் ஒருவர் அன்றைக்கு அவசரத்தில் இருந்திருக்கலாம்.

பெட்டி இங்கே வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காலால் மிதிக்கும் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கல்கத்தாவில் 1875-இல் துவாரகாநாத் கோஷ் தொடங்கிய துவார்க்கின் கடைதான் அதைத் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் காற்றடித்து, மறு கையால் வாசிக்கும் பெட்டியாக்கிப் பரப்பியது. காலால் மிதிப்பது தேவாலயங்களிலும் நாடக மேடையிலும் தங்கியது. நாடக நடிகர் கிட்டப்பா காலத்து மேடைகளில் காதர் பாட்சா போன்ற பெட்டிக்காரர்களுக்கென்றே கூட்டம் வந்தது. கமகம் பேசாத வாத்தியம் என்று 1940-இல் அகில இந்திய வானொலி அதை வெளியே நிறுத்தியது. 1971-இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. வட ஆற்காட்டுக் கூத்துக்கு இந்தச் சண்டையெல்லாம் எட்டவே இல்லை. பாரதம் நடக்கும் திரௌபதி அம்மன் கோவில் திடலில், மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் பக்கத்தில், விடிய விடியப் பெட்டி ஊதிக்கொண்டுதான் இருந்தது.

அப்படி உழைத்த பெட்டியை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது துருத்தித் தோல். தோல் பதனிடும் இந்தச் சீமையில் இதைச் சொல்லித் தர ஆள் தேட வேண்டாம். வாணியம்பாடியில் நான் பெட்டி பார்க்கப் போன வீட்டில் கூத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். நான் தகட்டைக் குனிந்து படிப்பதைக் கண்டு, “இன்னாப்பா, அத்தப் போய் படிக்கிற? துருத்தியத் தொறந்து மடிப்புல வெரல வுட்டுப் பாரு” என்றார். விரலை விட்டேன். எடுத்தபோது நுனியில் செங்காவி நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது.

அந்தப் பொடி ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் கடைசிக் காலம். மெட்ராஸிலிருந்து ஒருகாலத்தில் கப்பல் கப்பலாகப் போன தோல் இந்தப் பட்டைத் தோல்தான். தொட்டால் மெத்தென்று இருக்கும், வஜ்ஜிரப் பசையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பல வருஷம் புகையும் சூடும் பட்டால் அதன் நார் உள்ளுக்குள் இற்றுச் சிவப்புப் பொடியாக உதிரும். எண்ணெய் தடவினாலும் பாலீஷ் போட்டாலும் அது திரும்பி வராது. அப்படிப்பட்ட துருத்தியைக் கழற்றி முழுசாகப் புதுத்தோல் ஒட்ட வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தே விலை பேச வேண்டும்.

ஏற்கெனவே மாற்றிய தோலென்றால் ஓரத்தைப் பாருங்கள். பிசிறில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் தோல், மடிப்புக்கு நல்லது, வேலூர் வெயிலையும் தாங்கும். கனம் கூடாது என்பது மட்டும் முக்கியம். ஷூவுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டை ஒட்டிய துருத்திகளை இங்கே நிறையப் பார்க்கலாம். மூடினால் முழுசாக மூடாது, கையை எடுத்ததும் தானாக விறைத்து நிற்கும், விடிகாலைக்குள் வாசிக்கிறவரின் இடது தோள் கழன்றுவிடும். மாறாக, ஆம்பூர் ஷூ ஆலையில் ஓரம் சீவிப் பழகிய கை செம்மறித் தோலை எடுத்துச் செய்த துருத்தி என்றால் ஒட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. விரலால் தடவினால் ஒரே சமதளம். கல்கத்தாவில் முதலில் போட்ட தோலைவிட இங்கே மறுபடி போட்ட தோல் நேர்த்தியாக அமைந்த பெட்டிகள் உண்டு. அவற்றின் தகட்டில் அந்தக் கைக்காரர் பேர் இருக்காது.

பசையையும் கவனிக்க வேண்டும். வஜ்ஜிரம் பழுப்பாக, கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். சூடும் ஈரமும் பட்டால் இளகும், அடுத்தவர் பிரித்து வேலை பார்க்கலாம். ஃபெவிக்கால் அப்பியிருந்தால் தோலோடு மரமும் பிய்ந்து வரும். பெட்டியைப் பழுது பார்த்தவர் தனக்குப் பின்னால் இன்னொருவர் வருவார் என்று நினைத்தாரா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது காற்று. எல்லாக் குமிழையும் அடைத்துவிட்டுத் துருத்தியை அடியுங்கள். நாலைந்து அடியில் கை கனத்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் காற்று எங்கோ ஓடுகிறது. எலி கடித்த ஓட்டையென்றால் பரவாயில்லை, ஒட்டலாம். ரீடு பலகையில் விரிசல் என்றால் யோசிக்க வேண்டும். ஈரக் காற்றுள்ள ஊரில் செய்த பலகை இங்கத்திய சித்திரையில் சுருங்கிப் பிளப்பதுண்டு. கட்டையை அழுத்தாமலே ஒரு சுரம் முனகினால் பயப்பட வேண்டாம். அடியில் இருக்கும் கம்பிச் சுருள் தளர்ந்திருக்கும், அல்லது அந்துப்பூச்சி கம்பளித் துணியைத் தின்றிருக்கும். அது ஒரு மத்தியான வேலை.

ரீடுக்கு வருவோம். கனமாக ஊதிப் பார்ப்பதில் பயனில்லை. கனமாக ஊதினால் எந்த ரீடும் கத்தும். மூச்சு விடுவது போலக் காற்றைக் கொடுத்து, மந்தரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்த வேண்டும். நல்ல ரீடு கட்டை இறங்கியதும் பேசும். தாமதித்துப் பேசினால் தூசியாக இருக்கலாம். நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதம் ஒன்றை விட்டு இழுத்தால் சரியாகும். பிறகு மூடியைக் கழற்றி நாக்குகளைப் பாருங்கள். சுருதி ஏற்ற நுனியில் சுரண்டுவார்கள், இறக்க அடியில் சுரண்டுவார்கள். பழைய கீறல் கறுத்திருக்கும். நேற்றுச் சுரண்டியது பளபளக்கும். ஒரே நாக்கில் இரண்டு இடத்திலும் பளபளப்பு இருந்தால், விற்பதற்காக அதை இழுத்துப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். மெலிந்த நாக்கு சீக்கிரம் வெடிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கட்டைகளின் தேய்மானம். பல வருஷம் ஒரே பாடகருக்கு வாசித்த பெட்டியில் ஆதார ஷட்ஜக் கட்டை மட்டும் விரல் பதிந்து லேசாகக் குழிந்திருக்கும், அதற்குப் பஞ்சமமான கட்டை அதைவிடக் கொஞ்சம் குறைவாக. குழி ஐந்து கட்டைச் சுருதியில் இருந்தால் அது மைக் இல்லாத திடலில் உச்சத்தில் பாடிய குரலோடு வாழ்ந்த பெட்டி; மேல் ரீடுகள் காரமாகவும், மந்தரம் சற்று ஒல்லியாகவும் இருக்கும். ஒன்றரை, இரண்டில் குழிந்திருந்தால் பஜனை மடத்துப் பெட்டி, அடிக்குரலுக்குத் துணை நிற்கும். உங்கள் குரல் எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் இதில் நல்லது கெட்டது சொல்ல முடியும். இரண்டு கட்டையில் பாடுகிறவர் கூத்துப் பெட்டி வாங்கிக்கொண்டு போய் அது கத்துகிறது என்று குறை சொல்வது நியாயமில்லை.

முகப்புக் குமிழ்களை எண்ணி மயங்க வேண்டாம். பாதி அழகுக்காக வைத்தவை, இழுத்தால் எதுவும் நடக்காது. தெரியாத கம்பெனியின் ஸ்கேல் சேஞ்சர் பெட்டியை மட்டும் நான் தொடமாட்டேன். கட்டைப் பலகையே நகரும் அமைப்பில் காற்று ஒழுகவும் கட்டைகள் இடம் தப்பவும் வாய்ப்பு அதிகம், அதைச் சரிசெய்யத் தெரிந்தவரும் இந்தப் பக்கம் குறைவு.

வாணியம்பாடிப் பெட்டியில் துருத்தி போய்விட்டது, ஆனால் பலகை கெட்டியாக இருந்தது, ரீடு ஒன்றுகூடப் புதிதாகச் சுரண்டப்படவில்லை. குழி நாலரையில். என் குரலுக்கு அது அரைக் கட்டை கூடுதல். வாத்தியார் கேட்ட விலையில் தோல் செலவை மட்டும் கழித்துக் கொடுத்தேன், அவரும் மறுபேச்சுப் பேசவில்லை. குமிழ் இரண்டு காணோமே என்று கேட்டதற்கு, “அத்த வச்சி என் பேரன் ஆடிக்கினு கீறான், வேணும்னா வாங்கித் தரேன்” என்றார்.