முத்துக் குளிப்போர் இல்லாத முத்துக்கரை

பெயரற்ற கற்பனை நாடொன்றைப் படைப்பவனுக்கு மலையையும் கடலையும் தன் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. இன்றைய கணினி விளையாட்டுகளில் எழும் நாடுகளைத் தேசப்படத்துடன் ஒப்பிட்டு எவரும் குறை கூறுவதில்லை. ஆனால், உள்ள கரையொன்றின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் மக்களின் வாழ்வைத் துடைத்துவிடும் கற்பனையை நாம் அவ்வாறு விட்டுவிட இயலாது.

1863 செப்டெம்பர் 30 அன்று பாரிஸ் நகரில் 'முத்துக் குளிப்போர்' என்னும் இசைநாடகம் அரங்கேறியது. இசையமைத்த ஜோர்ஜ் பிசேக்கு அப்போது வயது 24. முதலில் மெக்சிக்கோவில் நிகழ்வதாக எண்ணப்பட்ட கதை, பின்னர் இலங்கைக்குப் பெயர்த்து வைக்கப்பட்டது. காற்றில் முறுக்குண்ட பெருங்கள்ளிகள், கடலோரப் பாறைமீது இடிந்த இந்துக் கோயில், பிரமனை வேண்டிப் பாடும் முக்காடிட்ட கன்னி லைலா: இவையே அந்த இலங்கை.

உண்மையான முத்துக்கரை அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களைக் கொண்ட வறண்ட சமநிலம். கத்தோலிக்கப் பரதவரும் முஸ்லிம்களும் அரபியரும் அங்கே பார்களில் மூழ்கினர். அரிப்பில் இன்று கடலை நோக்கி இடிந்து நிற்பதும் கோயிலன்று. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்பிய மாளிகை.

எனினும், இத்தகைய பிழைகளை எண்ணிக் காட்டுவது நமது நோக்கமன்று. லைலாவின் பாத்திரத்திற்கே இக்கரையில் ஓர் உறவு உண்டு. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' மந்திரம் சொல்லாமல் குளிப்போர் நீரில் இறங்கமாட்டார்கள். அவருக்கு அரசாங்கமே ஊதியம் அளித்த காலமும் உண்டு.

குறை வேறிடத்தில் உள்ளது. நாடகத்து மீனவர் தம் தலைவனைத் தாமே தெரிவுசெய்கின்றனர். மரணத்தை எதிர்கொள்ளும் துணிவை அவர்களும் பாடுகின்றனர். ஆனால், அவர்களுக்குத் துன்பம் தீய ஆவிகளாலும் புயலாலுமே வருகிறது. 1863இல் இலங்கையை ஆண்டது பிரித்தானியப் பேரரசு; முத்துக் குளிப்பு அரசின் ஏகபோகம். குளிப்போன் கல்லைக் காலிற் பிணைத்து, மூச்சடக்கி எடுத்துவந்த சிப்பி, 'கொட்டு' என்னும் வேலியிட்ட அடைப்பில் எண்ணப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூழ்கியவனுக்கு ஒரு பங்கு. பாரிஸ் தீட்டிய படத்தில் இந்தக் கொட்டுக்கு இடமில்லை. சுரண்டலை அகற்றிவிட்டால் எந்தக் கரையும் அழகிய கரையே!

1906இல் மறிச்சுக்கட்டியில் அரச அதிகாரியாகப் பணியாற்றிய லெனார்ட் வூல்ப், 1921இல் வெளியிட்ட 'முத்துக்களும் பன்றிகளும்' என்னும் சிறுகதையில் அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் ஈக்களையும் குளிப்போன் ஒருவனின் பிணத்தையும் காட்டினார். இது யதார்த்தத்தை நோக்கிய பெரும் முன்னேற்றம். ஆயினும், அங்கேயும் கதை சொல்பவன் அதிகாரியே. குளிப்போன் பிணமாகவே கரை சேர்கிறான்.

பிசேயின் இசை இனியது. அதைச் சுவைக்க நமக்குத் தடையில்லை. ஆனால், ஒரு நிலத்தின் உண்மையான படத்தை வரையக்கூடியவை அதில் உழைத்த கைகளே. பாரில் இறங்கியவனின் கண்கொண்டு இக்கரையைக் காணும் படைப்புகளையே நாம் வேண்டி நிற்கிறோம்.