காயம் சொல்லும் சாட்சியம்

ஜிம் கார்பெட் 1944-இல் வெளியிட்ட, குமாவோன் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றிய நூல், தி. ஜ. ர. அவர்களின் தமிழாக்கத்தால் நம் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதனை வேட்டைக் கதையாக வாசிப்போரே மிகுதி. நாமோ அதனை விசாரணை நூலாகக் காண்கிறோம். துப்பாக்கி ஓய்ந்த பின்னரே அதன் உயிர்நிலை தொடங்குகிறது. வீழ்ந்த விலங்கின் உடலில் தம் குண்டு செய்யாத காயத்தைக் கண்டு, இஃது எங்ஙனம் வந்தது என வேட்டைக்காரர் வினவுகிறார்.

1907-இல் சம்பாவத்தில் வீழ்ந்த பெண்புலி 436 உயிர்களைக் குடித்தது என்பது கணக்கு. அதன் வலப்புறக் கோரைப்பற்களுள் மேற்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்பு வரையிலும் முறிந்திருந்தன. என்றோ எவரோ சுட்ட குண்டின் விளைவு அது என்றும், அதனாலேயே அது மனிதரை நாடியது என்றும் கார்பெட் முடிவு கட்டுகிறார்.

இத்தகைய ஐயம் அரபு நாட்டு வேட்டைக்காரருக்கும் எழுந்ததுண்டு. வள்ளல் ஹாத்திம் தாயீயின் மைந்தர் அதீ (ரலி) அவர்கள் வேட்டை பற்றி வினவிய செய்தி ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. எய்த பிராணி ஓரிரு நாள் கழித்துக் கிடைத்து, அதில் தம் அம்பின் தடயம் மட்டுமே இருப்பின் உண்ணலாம். நீரில் வீழ்ந்து கிடப்பின் உண்ணலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடையின் கருத்து. கொன்றது அம்போ நீரோ என்ற ஐயம் தீராதவரை, தனக்கு வசதியான விடையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேட்டைக்காரனுக்கு இல்லை.

இவ்வளவுகோலால் நூலை அளந்து பார்ப்போம். புலிகள் ஆட்கொல்லியாவதற்குப் பத்தில் ஒன்பது காயமே காரணம், எஞ்சியது முதுமை என்கிறார் கார்பெட். பல் முறிந்தது கண்கூடு. அதுவே முழுக் காரணம் என்பது அனுமானம். முக்தேசர் புலியின் வரலாற்றை அவரே உரைக்கிறார். முள்ளம்பன்றியோடு பொருது ஒரு கண்ணை இழந்து, ஏறத்தாழ ஐம்பது முட்கள் தைத்த நிலையில் அது புல்லிடையே படுத்திருந்தது. புல்லறுக்க வந்த பெண்ணொருத்தி அருகே நெருங்கியதும் அறைந்து கொன்றது, ஆனால் தின்னவில்லை. காயத்தோடு தற்செயலும் கூடியே அப்புலியை மாற்றியது. ஆகவே, ஆசிரியரின் கொள்கையைவிட அவர் சொல்லும் கதையே நுட்பமானது என்போம்.

எனினும், கொடிய விலங்கு என்று பழித்து ஒதுங்காமல், காயப்படுத்திவிட்டுத் தேடாமற்சென்ற துப்பாக்கிக்காரனையும் அவர் குற்றக்கூண்டில் நிறுத்தினார். இந்நூலின் பெருமை இதுவே. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் புலி வேட்டை பழங்கதையாயிற்று. ஆயினும் கீழ்பென்னாத்தூரில் நம்மிடம் பயிலும் பிள்ளைகளுக்கு இந்நூலைப் பரிந்துரைக்கிறோம். கண்டதையும் கருதியதையும் வேறு பிரித்து வாசிக்கப் பழகுவோர், மனிதரைப் பற்றித் தீர்ப்புரைக்கும் போதும் சற்றே தயங்குவர்.